அறுபத்து நான்காம் வரிசை

லிங்கிச் செட்டித் தெரு, இரண்டாம் மாடி.
இருபதாம் தேதி முடிய இன்னும் ஐந்து மணி நேரம்.
ஆடிட்டர் கிளம்பும்போது
ஏ.சி.யை அணைத்துவிட்டுப் போனார்,
பழக்கம்.

எக்செல் ஷீட்டில் நூற்று முப்பத்தொரு வரிசை.
பி-யில் பெயர், சி-யில் யூசர் ஐடி, டி-யில் பாஸ்வேர்டு.
இரும்புக் கடை, ஆணிக் கடை, பால் பேரிங், தார்ப்பாய்.
மண்ணடியின் பாதிப் பூட்டுக்கு
என்னிடம் சாவி இருக்கிறது.
சம்பளம் பதினாறாயிரத்து ஐந்நூறு.

மூன்று ஞாயிறு உட்கார்ந்து ஒரு மேக்ரோ எழுதினேன்.
பட்டனை அழுத்தினால் போதும்,
பிரவுசரைத் திறக்கும், தளத்துக்குப் போகும்,
பெட்டியைத் தேடிப் பெயரைப் போடும்,
டேப் தட்டும், பாஸ்வேர்டு போடும், என்டர்.
பிறகு கேப்ட்சா முன்னால் வந்து
கைகட்டி நிற்கும்.
தண்ணீரில் விழுந்தாற்போல் நெளியும் ஆறு எண்ணை
அதற்குப் படிக்கத் தெரியாது.
அதற்கு மட்டும் நான்.
எழுதியவளையே எடுபிடியாய் வைத்துக்கொண்டது.

டி-யைப் படிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.
கண் போகிறது.
நெய்னார் முகம்மது, மகள் பெயரும் பிறந்த வருஷமும்.
தார்ப்பாய்க் கடை கன்ஷியாம்,
கடை போர்டில் எழுதியிருக்கும் அதே ஃபோன் நம்பர்.
ஒருவர் கடன்தீர் என்று வைத்திருக்கிறார்,
தீர்ந்தபாடில்லை.

அறுபத்து நான்கு, ஞானசிகாமணி பைப் ஃபிட்டிங்ஸ்.
மன்னிச்சிடு.
இங்கிலீஷ் எழுத்தில், முதல் எழுத்து பெரியது,
ஒரு அட், பின்னால் பதினேழு.
நான் வேலைக்குச் சேர்ந்தபோது பதினொன்று.
தளம் மாற்றச் சொல்லும்போதெல்லாம்
எண்ணை மாற்றுகிறார்,
வார்த்தையை அல்ல.
யாரிடம் என்று நான் கேட்டதில்லை.
ஓடிபிக்காக ஃபோன் பண்ணினால்
ஆறு எண்ணையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு
"சாப்டியாம்மா" என்பார்.

ஒன்பதேகாலுக்கு அறுபத்து மூன்று முடிந்தது.
கீழே கொத்துப் பரோட்டாவின் தகரச் சத்தம்.
அடுத்த வரிசைக்குப் பெயர் விழுவதைப் பார்த்துக்கொண்டே
பக்கத்து ஜன்னலை அழுத்தினேன்.
வாட்ஸப்பில் அக்காவைத் திறந்து வைத்திருந்தேன்,
கடைசியாய் எப்போது வந்தாள் என்று பார்க்க.
தினமும் பார்ப்பதுதான்.

மேக்ரோவுக்குக் கண் கிடையாது.
முன்னால் எது நிற்கிறதோ அதில் தட்டும்.

ஆவடிக்குப் போய்ச் சேர்ந்தது:
மன்னிச்சிடு, அட், பதினேழு.
என்டரும் அதுவே.

இரண்டு வருஷம் நாலு மாசம்.
அப்பாவின் பி.எஃப். பணம், ஒரு கையெழுத்து,
யார் பக்கம் நியாயம் என்று
ஷீட்டில் போட்டால் என் பக்கம்தான் டேலி ஆகும்.
நான் போட்டும் பார்த்திருக்கிறேன்.

அழித்திருக்கலாம்.
விரல் மவுஸ் மேல்தான் இருந்தது.
இரண்டு டிக். நீலம்.
டைப் செய்கிறார் என்று வந்தது, போனது,
வந்தது,
போயேவிட்டது.

மேக்ரோ மஞ்சள் வரியில் நின்றிருந்தது.
பெட்டியைக் காணோமாம்.
ஒரு வரி சேர்த்தேன்: தட்டுமுன் எந்த ஜன்னல் என்று பார்.
இன்னொரு வரி: மூன்று விநாடி பொறு.
மறுபடி ஓட்டியதில்
சரியான பெட்டியில் போய் விழுந்தது மன்னிச்சிடு,
கறுப்புப் புள்ளிகளாய்,
யாருக்கும் தெரியாமல்.
பாஸ்வேர்டு காலாவதி என்றது தளம்.

ஞானசிகாமணிக்கு அடித்தேன்.
டிவி ஓடும் சத்தம், ஆறு எண்.
"பதினெட்டுப் போட்டுடும்மா. சாப்டியா?"
போட்டேன் என்றேன்,
எந்தக் கேள்விக்கு என்று எனக்கே தெரியவில்லை.

பதினொன்றரைக்கு நூற்று முப்பத்தொன்று.
கடைசி கேப்ட்சாவில் அது ஏழா ஒன்றா என்று
திரையோடு ஒட்டிக் குனிந்திருந்தேன்.
மேஜை அதிர்ந்தது.

அக்கா.
"பதினேழு எதுக்கு?"